ஆல்பம் மணிமொழி

மணிமொழிக்கு மலையைப் பார்த்தால் அலுப்பு. திருவண்ணாமலையில் இருந்துகொண்டு வாய் கூசாமல் இப்படிச் சொல்கிறாளே என்று அவள் அம்மா ஜோதியம்மாள் அவசர அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஆனால் அவள் பார்த்த வேலை அப்படி. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, பீர் முகம்மது பாயின் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்கள் எடுத்துக் குவிக்கும் போட்டோக்களை இன்டர்நெட்டில் ஆல்பமாகப் போட்டுத் தருவதுதான் அவள் வேலை. வருகிறவர் எந்த தேசமாக இருந்தாலும் காமிராவில் முக்கால்வாசி மலைதான். விடியற்காலை மலை, உச்சிவெயில் மலை, மேகம் மூடிய மலை, மேகம் மூடியதால் தெரியவே தெரியாத மலை. எல்லாமே வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். மணிமொழி விடமாட்டாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில், தெரியாத இடத்தில் கையை ஆட்டி, நாற்பது மலையை நாலு மலையாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

அவள் அந்த சென்டருக்கு வேலை தேடி வரவில்லை. பி.காம். முடித்துவிட்டு, எழுதிய ஏதோ ஒரு பரீட்சைக்கு ரிசல்ட் பார்க்க வந்தாள். ரிசல்ட் பக்கம் திறப்பேனா என்றது. பக்கத்து நாற்காலியில் ஒரு இத்தாலிக்கார அம்மாள் காமிராவை ஒரு கையிலும் ஒயரை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு அழாத குறையாக இருந்தார். அடுத்தவர் திணறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மணிமொழிக்கு வராது. ஒயரை வாங்கினாள், செருகினாள், திரையில் வந்த கேள்விக்கெல்லாம் தைரியமாக ‘ஆம்’ என்று அழுத்தினாள். என்ன செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. மறுநாள் அந்த அம்மாளின் மகள் இத்தாலியில் படங்களைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதியிருந்தாள். பீர் முகம்மது பாய் அன்றைக்கே அவள் அப்பாவின் கடைக்குப் போய், பெண்ணை வேலைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். அந்தப் பரீட்சையில் அவள் தேறவில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அவளுக்குப் பரீட்சை எழுதியதே மறந்து போயிருந்தது.

போகப் போக வேலை கைவந்தது. ஆல்பம் என்பது மூட்டை அடுக்கும் கிடங்கு இல்லை என்பது அவள் கட்சி. பார்க்கிறவருக்கு இருப்பது ரெண்டே கண், அதுவும் சீக்கிரம் சலித்துப் போகும் கண். அதனால் முதலில் ஒரு முகம், அப்புறம் இடம், அப்புறம் சாப்பாடு, நடுவில் ஒரு மாடு அல்லது குரங்கு, கடைசியில் மறுபடியும் முகம். எல்லாவற்றையும்விட முகப்புப் படத்துக்குத்தான் அதிகம் மெனக்கெடுவாள். ஆல்பத்துக்கு வெளியே சின்னச் சதுரமாகத் தெரியும் படம் அது. அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் உள்ளே போவதா வேண்டாமா என்று முடிவு கட்டுகிறார்கள். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்க யாரை நிறுத்துவது என்று யோசிக்கிற மாதிரி யோசித்து ஒரு படத்தை அங்கே நிறுத்துவாள்.

கொஞ்ச நாளில் உள்ளூர்க்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். வேங்கிக்காலில் புது வீடு கட்டியவர்கள் கிரகப்பிரவேச சி.டி.யோடு வந்தார்கள். சிங்கப்பூர் மாப்பிள்ளைக்கு வளைகாப்பைக் காட்ட வேண்டும் என்று மாமியார்கள் வந்தார்கள். “போட்டோ ஏத்தணும்மா” என்பார்கள், என்னவோ லாரியில் ஏற்றுகிற மாதிரி. யார் யார் பார்க்கலாம் என்று முதலில் கேட்பாள் மணிமொழி. ஊரே பார்க்கட்டும் என்றால் திறந்து வைப்பாள். குடும்பத்துக்கு மட்டும் என்றால் பூட்டுப் போட்டு, கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுப்பாள். ஊரில் மணிமொழிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். இவள் ஆல்பம் மணிமொழி ஆனாள்.

இப்படி ஊருக்கெல்லாம் ஆல்பம் போட்டவள் சொந்த வீட்டுக்கும் ஒன்று போட்டு, பூட்டி வைத்திருந்தாள். வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

அவள் அப்பா பலராமன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் மாட்டு வண்டியிலோ டெம்போவிலோ அவர் கடைக்குத்தான் வரும். கெட்டிக்காரர். வீம்புக்காரர். அண்ணன் புகழேந்தி டிப்ளமா படித்தவன். கெட்டிக்காரன். வீம்பில் அப்பனுக்கு அப்பன். கடையில் உட்கார் என்றார் இவர். காயிலுக்குப் பூசும் வார்னிஷ் நாற்றத்தில் என்னால் உட்கார முடியாது என்றான் அவன். வார்த்தை தடித்தது. 2003-இல் அவன் மஸ்கட்டுக்குப் போய்விட்டான். அங்கே போயும் ஏ.சி. கம்பெனியில் அவன் பார்த்தது மோட்டார் வேலைதான், அதை என்னவென்று சொல்வது. போனவன் வெள்ளிக்கிழமைதோறும் சென்டர் போனில் கூப்பிட்டு அம்மாவோடும் தங்கையோடும் பேசுவான். அப்பாவோடு ஒரு வார்த்தை கிடையாது. வீட்டில் போன் இல்லை, கடையில் இருந்தது. அந்த நம்பரை அவன் தொட்டதே இல்லை.

“அவரு கூப்பிடட்டும், வரேன்” என்பான் புகழேந்தி.

“போனவன் அவனா வரட்டும். நான் எதுக்குக் கூப்பிடணும்?” என்பார் பலராமன்.

நாலு வருஷமாக இதே பேச்சு. நடுவில் ஜோதியம்மாள் உருகி உருகி பாதியாகிப் போனாள். மணிமொழிக்குத் தோன்றியது ஒன்றுதான்: அப்பாவின் தலை நரைத்துக்கொண்டே வருகிறது, அதைப் பார்த்தால் அண்ணன் மனசு இளகாதா? பாய் வைத்திருந்த டிஜிட்டல் காமிராவை வாங்கிக்கொண்டு கடைக்குப் போவாள். “காமிரா சரியா எடுக்குதான்னு பாக்கறேம்பா, அசையாம இரு” என்பாள். பலராமனுக்கு இயந்திரம் எதுவானாலும் பரிசோதிப்பது நியாயமான காரியம். அசையாமல் இருப்பார். அந்தப் படங்களைப் பூட்டுப் போட்ட ஆல்பத்தில் ஏற்றி அண்ணனுக்கு மெயில் அனுப்புவாள். அவனிடமிருந்து ஒரே வார்த்தை பதிலாக வரும்: பார்த்தேன். எத்தனை ஆல்பம் போட்டாலும் அதே ‘பார்த்தேன்’தான். இவன் நெஞ்சில் இருப்பது என்ன, கருங்கல்லா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2007-இல் ரம்ஜான் முடிந்த கையோடு ஆயுத பூஜை வந்தது. பலராமன் கடையைக் கழுவி, ஸ்பேனர், கட்டிங் பிளேயர், காயில் சுற்றும் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். ஷட்டரின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. குறுக்கே சாமந்திச் சரத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். வாசற்படியில் குத்துவிளக்கு. பூஜை முடிந்து சுண்டல் கொடுக்க வெளியே வந்த அப்பா, சரத்துக்குப் பின்னால் நின்று, எதிர்க்கடைக்காரர் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்தார். அவர் சிரிப்பது ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம். மணிமொழி சட்டென்று காமிரா பொத்தானை அமுக்கிவிட்டாள். இந்த முகம்தான் முகப்பு என்று அங்கேயே முடிவு செய்தாள். மறுநாள் காலை சென்டருக்கு வந்ததும் முதல் வேலையாக ஏற்றினாள். அந்தத் தளத்தில் தமிழ் அடித்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் இங்கிலீஷ் எழுத்திலேயே ‘அப்பா கடை ஆயுத பூஜை’ என்று தலைப்பு அடித்தாள். வாடிக்கையாளர் காத்திருந்தார். முகப்பு வெளியே எப்படித் தெரிகிறது என்று திருப்பிப் பார்க்காமல் அண்ணனுக்கு மெயிலைத் தட்டிவிட்டாள். ஊரார் ஆல்பம் என்றால் இரண்டு தடவை பார்ப்பவள், சொந்த ஆல்பத்தில் கோட்டை விட்டாள்.

அன்று மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். டிபன் கேரியரைத் திறக்கும்போது கடை போன் அடித்தது. பலராமன் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

“ஹலோ, பலராமன் பேசறேன்.”

அந்தப் பக்கம் என்னவோ கேட்டது. பலராமன் முகம் சுருங்கியது.

“யாருங்க? யாருப்பா அழுவுறது? சொல்லிட்டு அழுப்பா.”

மணிமொழி நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நான்தான்டா... நானேதான். உசுரோட இல்லாமயாடா பேசறேன்? எவன்டா சொன்னது? ... மாலையா? எனக்கா? ... எந்த கம்ப்யூட்டர்ல?”

அவர் மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார். மணிமொழி டிபன் கேரியர் மூடியைக் கீழே வைத்தாள். நாலு வருஷம் கழித்து அண்ணன் கடைக்குப் போன் செய்திருக்கிறான், அப்பா பேசிக்கொண்டிருக்கிறார் என்று மனசின் ஒரு பக்கம் துள்ளியது. பேசு, இன்னும் பேசு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். ஆனால் பலராமனுக்கு வீம்பு அதற்குள் திரும்பி வந்துவிட்டது. தொண்டையைச் செருமினார்.

“எனக்கு ஒண்ணும் ஆவல. வை போன.”

வைத்துவிட்டார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. பிறகுதான் கத்தினார். “என் மூஞ்சிய உலகம் பூரா பாக்கறதுக்கு ஏத்தி வெச்சிருக்கியா? வெள்ளைக்காரன் மலைய ஏத்தற மாதிரி? சாயங்காலம் வரேன். என் கண்ணு முன்னாடி அத்தினியும் அழிக்கற.”

மணிமொழி சென்டருக்கு ஓடி வந்து, வெளியிலிருந்து பார்க்கிறவரைப் போல ஆல்பத்தைத் திறந்தாள். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். தளம் அந்தப் படத்தைச் சதுரமாக வெட்டியிருந்தது. வெட்டியதில் ஷட்டர் போயிற்று, வாழைக்கன்று போயிற்று, ஸ்பேனர் மெஷின் எல்லாம் போயிற்று. மிஞ்சியது நெற்றி நிறையக் குங்குமத்தோடு அப்பா முகம், கழுத்தைச் சுற்றி சாமந்தி, கீழே எரிகிற விளக்கு. நம் வீடுகளில் எந்தச் சுவரில், யாருக்கு இப்படி இருக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போதாக்குறைக்குத் தலைப்பு நீளம் என்று தளம் அதையும் பாதியில் நறுக்கி மூன்று புள்ளி வைத்திருந்தது. ‘அப்பா கடை...’ என்று நின்றது. மாலையும் விளக்கும் பார்த்த கண்ணுக்கு அது வேறெப்படிப் படும்? ‘அப்பா கடைசி’ என்றுதான் புகழேந்தி படித்திருக்கிறான்.

பீர் முகம்மது பாய் எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். “எங்க ஊட்ல மாலை போடற வழக்கமே இல்லம்மா. எனக்கே திக்குனுது. பெத்த புள்ள இன்னா ஆயிருப்பான்!”

அண்ணனிடமிருந்து மெயில் வந்திருந்தது. ‘பார்த்தேன்’ மட்டும் எழுதுகிறவன் முதல் முறையாக நீளமாக எழுதியிருந்தான். ஆபீஸில் நெட் ரொம்ப ஸ்லோ, படம் திறக்கவில்லை, வெளியே தெரிந்த சின்னப் படம்தான் தெரிந்தது. எனக்குச் சொல்லாமலே எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். நான் அழுததைப் பார்த்து மேனேஜர் உடனே லீவு கொடுத்துவிட்டார், டிக்கெட்டும் போடச் சொல்லிவிட்டார். கிளம்புவதற்கு முன்னால், யாராவது எடுப்பார்கள் என்றுதான் கடைக்குப் போன் செய்தேன். அவரே எடுத்தார். இப்போது மேனேஜரிடம் போய் அப்பா இருக்கிறார், லீவு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. அவர் வை என்றுவிட்டார் மணி. நான் வரவில்லை.

மணிமொழி வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதாள். வாசல்வரை வந்தவனை நம் கையாலேயே திருப்பி அனுப்பிவிட்டோமே என்று இருந்தது. இத்தனை நாள் தேடித்தேடிச் சேர்த்த அத்தனையும் சாயங்காலம் அழியப்போகிறது. இனி அப்பா காமிரா முன் நிற்கவும் மாட்டார், அண்ணன் கடைக்குப் போன் செய்யவும் மாட்டான்.

பலராமன் சொன்னபடி வந்தார். வந்தது சண்டைக்கு, போட்டிருந்தது இஸ்திரி போட்ட சட்டை. “வாங்கண்ணே” என்று பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் பாயைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

“எடு அத்த.”

மணிமொழி திறந்தாள். வரிசையாக ஆல்பங்கள். தன்னைத்தானே பலராமன் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு தாமிரக் கம்பி சுற்றுகிறவர். டீ கிளாஸோடு நிற்கிறவர். எரிந்த மோட்டாரை முறைத்துக்கொண்டிருப்பவர். ஸ்டூலில் உட்கார்ந்தபடி வாயைத் திறந்து தூங்குகிறவர்.

“இத எப்ப எடுத்த?”

அவள் அடுத்த படத்துக்குத் தள்ளினாள்.

“எல்லாத்தையும் அழி.”

மொத்தமாக அழிப்பதற்கு ஒரு பக்கம் உண்டு. படங்களைப் பொடிப்பொடியாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண் காட்டும் பக்கம். தங்கள் படத்துக்கு எத்தனை கூட்டம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்டால்தான் அவள் அதைத் திறப்பாள். வீட்டு ஆல்பத்துக்கு இதுவரை திறந்ததில்லை. பலராமன் குனிந்து பார்த்தார்.

“அது இன்னா நம்பரு?”

“எத்தினி வாட்டி பாத்திருக்காங்கன்னு காட்டும்பா.”

அவர் தூங்குகிற படத்துக்குக் கீழே 143 என்று இருந்தது. பலராமனுக்கு ரத்தம் தலைக்கேறியது. “நான் வாயத் தொறந்துக்குனு தூங்கறத நூத்தி நாப்பத்திமூணு பேரு பாத்திருக்கானா?”

மணிமொழி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் படத்தைப் பார்த்தாள். 97. அதற்கடுத்து 118. மெதுவாகச் சொன்னாள்.

“பேரு இல்லப்பா. ஒரே ஆளுதான்.”

“இன்னா ஒளர்ற?”

“இதுக்குப் பூட்டுப் போட்டிருக்கேம்பா. அண்ணனத் தவுர யாராலயும் தொறக்க முடியாது. அம்மாக்குக்கூடத் தெரியாது.”

“அப்ப நீ பாத்துருப்ப.”

“நான் பாக்கறத இது எண்ணாதுப்பா. இது அத்தினியும் அண்ணன்தான்.”

பலராமன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். திரைக்கு வெகு அருகே போய், விரலை வைத்து, ஒவ்வொரு படத்தின் எண்ணையும் வாய்க்குள் படித்தார். டீ குடிக்கிற படம். கம்பி சுற்றுகிற படம். சளி பிடித்து மப்ளர் கட்டிக்கொண்டிருந்த படத்துக்கு மட்டும் 206 இருந்தது. அந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. மணிமொழிக்கு அண்ணன்மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்து, அவனை அப்போதே பார்க்கவேண்டும் போல இருந்தது. ‘பார்த்தேன்’ என்று அவன் எழுதியது வெறும் வார்த்தை இல்லை என்று இப்போதுதான் புரிந்தது. கல்நெஞ்சு என்று அவனைத் திட்டியதற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

கடைசிப் படத்துக்கு வந்தார். சாமந்திச் சரத்துக்குப் பின்னால் சிரிக்கிற பலராமன்.

“இதுக்கு மட்டும் இன்னா சைபர் போட்டிருக்குது?”

“அத அவன் தொறக்கவே இல்லப்பா. வெளியிலேர்ந்து பாத்ததுமே அழுதுட்டான்.”

மேனேஜர் லீவு கொடுத்தது, டிக்கெட் போடச் சொன்னது, இப்போது வரவில்லை என்று எழுதியது எல்லாவற்றையும் சொன்னாள். பலராமன் கண்ணாடியைக் கழற்றி, இஸ்திரி சட்டையின் முனையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கண் சிவந்திருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. பாய் மெல்ல எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

“அழிச்சிடட்டுமாப்பா?” என்று கேட்டாள்.

“போன் எங்க?” என்றார்.

மூலையில் இருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் போனார். மணிமொழி நம்பரை அழுத்தி ரிசீவரைக் கொடுத்தாள். கூண்டு சின்னது, இரண்டு பேருக்கு இடமில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். மணி அடிக்கும் சத்தம் அவளுக்கும் கேட்டது. எடுத்துவிட்டான்.

“நான்தான்” என்றார் பலராமன். ரிசீவரை மறுகைக்கு மாற்றினார். “சாப்ட்டியா?” என்றார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, தலையை ஆட்டினார், போனில் தலையாட்டினால் தெரியாது என்பதையும் மறந்து.

“லீவ திருப்பிக் குடுத்துட்டியா?”

இன்னும் இல்லை என்றிருக்க வேண்டும். பலராமன் கூண்டின் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

“குடுக்காத. செத்தாதான் வரணுமாடா? அந்த மேனேஜர் கிட்ட நெசத்தையே சொல்லு. எங்கப்பா சாவல, கூப்பிட்டுட்டாருன்னு சொல்லு.”